மூவாயிரத்து எண்ணூறு கேள்விகள்

சென்ற தவணையின் நடுப்பகுதியிலே, உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன் இடைவேளையின்போது ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். பாடத்திலே ஏதோ ஐயம் கேட்க வந்திருக்கிறான் என்றே எண்ணினேன். அவன் கையிலே தொலைபேசி இருந்தது. பாடசாலைக்குத் தொலைபேசி கொண்டுவருவது குற்றம். அக்குற்றத்தை அன்று நான் காணாதவன்போல் இருந்துவிட்டேன். திரையிலே, மூன்று இலட்சம் ரூபாவுக்குக் குறையாத ஒரு புதிய கைத்தொலைபேசியின் படம். படத்தின்கீழே பதினொரு டொலர் சொச்சம் என்று ஒரு விலை. அதன் பக்கத்திலே பத்திலிருந்து கீழ்நோக்கி இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு கடிகாரம். கடிகாரம் மூன்றைத் தொட்டதும் எவரோ ஒருவருடைய பெயர் மின்னிற்று, மறுபடியும் பத்து. அடுத்த முறை இரண்டைத் தொட்டது; இன்னொரு பெயர்; மறுபடியும் பத்து.

“சேர், இது உண்மையோ, பொய்யோ?” என்று கேட்டான்.

“காசு கட்டிப்போட்டியோ?” என்றேன்.

தலையைக் குனிந்துகொண்டான். தாயாரின் வங்கி அட்டை இலக்கத்தைக் கொடுத்து, இரண்டு தடவையாக ஒன்பதாயிரம் ரூபாவுக்குமேல் கட்டியிருந்தான். தாயார் ஆடைத் தொழிற்சாலை ஒன்றிலே முறை மாறி வேலைசெய்பவர். தந்தை இல்லை. அவருக்கு இன்னும் விஷயம் தெரியாது.

“இன்னும் ஒருக்கால் போட்டா விழும்போல கிடக்கு சேர். இப்ப விட்டா, போட்ட காசெல்லாம் போயிடும்.”

இந்த வாக்கியத்தை நான் முன்னரே கேட்டிருக்கிறேன். வேறொரு குரலிலே, பன்னிரண்டு பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்னர், கடல்கடந்து வந்த தொலைபேசி அழைப்பு ஒன்றிலே கேட்டேன். ‘பேராசை பெருநட்டம்’ என்று ஒரு பழமொழியைச் சொல்லி அம்மாணவனை வகுப்புக்கு அனுப்பிவைக்க அரைநிமிடம் போதும். என்னால் அது முடியவில்லை. பேராதனைப் பல்கலைக்கழகத்திலே எனது சிறப்புக் கலைமாணிப் பட்டத்துக்கான ஆய்வுக் கட்டுரையை நான் தட்டெழுதிய மடிக்கணினி, இதே வகையான ஏலம் ஒன்றிலே வெல்லப்பட்டது.

“இண்டைக்கு ஒண்டும் செய்யாதை. நாளைக்குக் கதைப்பம்” என்று மட்டும் சொன்னேன்.

வென்றவர் நானல்லேன், என் பெரியம்மாவின் மகன். தொண்ணூறுகளின் நடுவிலே கனடா சென்று, ரொறன்ரோ நகரின் ஓரத்திலே ஒரு வெதுப்பகத்தின் இரவு வேலையிலே சேர்ந்தவர். 2012 ஆம் ஆண்டிலும் அதே வேலைதான். அப்பொழுது ஒன்ராறியோ மாகாணத்தின் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 10 டொலர் 25 சதம். அதைவிடச் சற்றுக் கூடுதலாக அவர் பெற்றிருக்கலாம். மிகக் கூடுதலாகப் பெற்றிருக்க இயலாது. நான் அப்போது விடுதியிலே நண்பர்களின் கணினியை இரவல் வாங்கி, அவர்கள் உறங்கும் நேரத்திலே எழுதிக்கொண்டிருந்தேன். என்றோ ஒருநாள் பேச்சுவாக்கிலே இதனை அவரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டதாக நினைவில்லை, ஆனால் வெளிநாட்டில் இருக்கும் உறவினரிடம் நம் குறையைச் சொல்வதே கேட்பதுதான் என்பதை நாம் எல்லோரும் அறிவோம்.

மூன்று மாதம் கழித்து ஒருநாள் அதிகாலையிலே அழைத்தார். “தம்பி, உனக்கு ஒரு லப்டொப் எடுத்துப்போட்டன். எவ்வளவுக்கெண்டு சொல்லு பாப்பம்?” கடையிலே தொள்ளாயிரம் டொலர் விலையுள்ள பொருள், முப்பத்தெட்டு டொலருக்கு விழுந்ததாம். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த ஒருவரின் கையிலே அது எனக்கு வந்து சேர்ந்தது. விடுதி முழுவதும் அதனைச் சூழ்ந்துகொண்டது. முப்பத்தெட்டு டொலர்! அதிட்டம் என்றால் இதுவன்றோ என்றார்கள். நானும் அப்படியே எண்ணினேன். மலையகச் சிறுகதைகளிலே உழைப்பாளர் வாழ்க்கை எவ்வாறு சித்திரிக்கப்பட்டுள்ளது என்பதே என் ஆய்வின் பொருள். கொழுந்து பறிப்பவளின் உழைப்பிலே விளைந்த உபரி எங்கே போகிறது என்று அந்த விசைப்பலகையிலே பக்கம் பக்கமாகத் தட்டினேன். அந்த விசைப்பலகை எங்கிருந்து வந்தது என்று ஒரு கணமேனும் சிந்தித்தேனல்லேன்.

கணக்கைப் பின்னர்தான் போட்டேன். அவர் பெருமையோடு அனுப்பியிருந்த படத்திலேயே எல்லா எண்களும் இருந்தன. அவ்வேலத்தின் விதி இதுதான். பொருளின் விலை பூச்சியத்திலிருந்து தொடங்கும். ஒவ்வொரு கேள்விக்கும் விலை ஒரேயொரு சதம் ஏறும். ஆனால் அந்த ஒரு சதத்தை ஏற்றுவதற்கு, கேட்பவர் முற்பணமாக வாங்கிவைத்த கேள்விகளிலே ஒன்றைச் செலவிடவேண்டும். ஒரு கேள்வியின் விலை 60 சதம். வென்றாலும் தோற்றாலும் அந்த 60 சதம் திரும்பிவராது. இறுதியிலே வெல்பவர், தாம் செலவிட்ட கேள்விகளோடு, ஏறி நின்ற விலையையும் கட்டிப் பொருளைப் பெறுவார்.

முப்பத்தெட்டு டொலருக்கு விலை ஏறிற்று என்றால், மூவாயிரத்து எண்ணூறு கேள்விகள் கேட்கப்பட்டன என்பது பொருள். அவற்றுள் என் அண்ணனுடையவை 212. அவற்றின் விலை 127 டொலர் 20 சதம். முப்பத்தெட்டையும் சேர்த்தால் 165 டொலர் 20 சதம். அதுவும் மலிவுதான், மறுப்பதற்கில்லை. ஆனால் எஞ்சிய 3,588 கேள்விகளைக் கேட்டவர்கள் யார்? அவர்கள் செலவிட்டது 2,152 டொலர் 80 சதம். அவர்களுக்கு ஒரு திருகாணிதானும் கிடைக்கவில்லை. ஏலம் நடத்தியவரின் பெட்டியிலே விழுந்த மொத்தத் தொகை 2,318 டொலர். அவர் கொடுத்த பொருளின் கடைவிலை 900. என் அண்ணன் பெற்ற மலிவை அந்த நிறுவனம் கொடுக்கவில்லை. அதற்கு ஒரு சதமும் நட்டமில்லை. ஆயிரத்து நானூறு டொலருக்குமேல் மிகுதி. மலிவைக் கொடுத்தவர்கள் தோற்றவர்கள். எங்கெங்கோ இரவு வேலை முடித்து, என் அண்ணனைப்போலவே அதிகாலை மூன்று மணிக்குத் திரையின்முன் குந்தியிருந்தவர்கள். குறைந்தபட்சக் கூலியிலே கணக்கிட்டால், அது இருநூற்றுப்பத்து மணித்தியால உழைப்பு. என் மேசையிலே அது இருந்தது. படத்தின் மேற்பகுதியிலே பச்சை எழுத்திலே ‘96 வீதம் மிச்சம்’ என்று பொறித்திருந்தார்கள்.

இத்தகைய ஏலத்துக்கும் நாம் அறிந்த ஏலங்களுக்கும் உள்ள வேறுபாட்டை உணராதவரை, இதன் சூட்சுமம் விளங்காது. ‘ஏலம்’ என்ற சொல்லே போர்த்துக்கீசர் வழியாக நம் மொழிக்கு வந்தது என்பர் அகராதிகாரர். அவர்களும் அவர்களுக்குப் பின்வந்தோரும் இந்நாட்டிலே ஏலத்தில் விடாத பொருளில்லை. பிரித்தானியர் ஆட்சியிலே சாராயக் குத்தகை ஏலத்திலே போயிற்று. மன்னார்க் கடலிலே முத்துக்குளிப்பு நடந்த காலங்களிலே, அரசின் பங்குக்குரிய சிப்பிகளை ஆயிரம் ஆயிரமாக எண்ணி, திறவாமலே கரையிலே ஏலமிட்டார்கள். உள்ளே முத்து உண்டோ, வெறும் சதைதானோ என்று கேட்டவனுக்கும் தெரியாது, கூறியவனுக்கும் தெரியாது. சூதாட்டம் என்றால் அதுவும் ஒருவகைச் சூதாட்டந்தான். இருந்தும் அங்கேகூட, கேட்டுத் தோற்றவன் தன் மடியிலிருந்த பணத்தோடு வீடு சென்றான். இன்றும் எமது கரையோரச் சந்தைகளிலே காலையில் மீன் கூறப்படும்போது நின்று பாருங்கள். விலை கட்டாது என்று கண்டால் வியாபாரிப் பெண் வாயை மூடிக்கொண்டு ஓரடி பின்வாங்குகிறாள். பின்வாங்குவதற்கு அவளிடம் எவரும் கட்டணம் அறவிடுவதில்லை.

கழிவுச் சீட்டு இதைவிட ஒருபடி மேலானது. அவசரத் தேவையுள்ளவர் கூடிய கழிவுக்குக் கேட்டுச் சீட்டை எடுக்கிறார். அவர் விட்டுக்கொடுத்த கழிவு மற்றவர்களுக்குப் பங்காகிறது. கேட்டுத் தோற்றவருக்கும் அங்கே வரும்படி உண்டு. சீட்டுப் பிடிப்பவர் எல்லாரும் உத்தமர் என்று நான் சொல்லவரவில்லை. ஊரைவிட்டு ஓடியவர்களையும் கண்டிருக்கிறோம். ஆனால் அம்முறையின் உள்ளமைப்பிலே தோற்றவனைத் தின்னும் விதி இல்லை.

இணையத்திலே நடப்பதால்தான் ஏலம் கெட்டுப்போயிற்று என்று கூறுவதும் பிழையாகும். 1995 ஆம் ஆண்டிலே பியர் ஒமிட்யார் என்பவர் தொடங்கிய தளமே பின்னர் ஈபே என்று உலகறியப்பட்டது. அதன் தொடக்க நாள்களிலே பழுதடைந்த லேசர் சுட்டி ஒன்றைக்கூட ஒருவர் பதினான்கு டொலர் 83 சதத்துக்கு வாங்கினார் என்பது பலரும் அறிந்த கதை. அங்கே வெல்பவர் மட்டுமே பணம் கட்டுகிறார். தம் உச்ச விலையை முன்கூட்டியே எழுதிவைத்தாலும், அடுத்தவர் கேட்டதற்குச் சற்று மேலே மட்டுமே அவரிடம் அறவிடப்படுகிறது. கடைசி விநாடியிலே பாய்ந்து கேட்கும் தந்திரக்காரர் அங்கும் உண்டு. ஆயினும் தோற்றவர் தம் உறக்கத்தை இழப்பாரேயன்றிப் பணத்தை இழப்பதில்லை.

கேள்விக்கே காசு வாங்கும் முறையைப் பெருந்தொழிலாக்கியது ஜேர்மனியிலே தோன்றிய ஒரு நிறுவனம். 2005 ஆம் ஆண்டிலே ரெலிபிட் என்ற பெயரோடு தொடங்கி, 2008 இலே ஸ்வூப்போ என்று பெயர் மாற்றிக்கொண்டு, பிரித்தானியா, ஸ்பெயின், அமெரிக்கா, கனடா என்று பரவிற்று. தொலைக்காட்சிப் பெட்டி, கணினி, படப்பிடிப்புக் கருவி முதலியவற்றோடு நில்லாது, காசையே ஏலத்தில் விட்டது. அதற்கும் மேலே, ஏலம் கேட்பதற்கான கேள்விகளையே கட்டாகக் கட்டி ஏலத்தில் விட்டது! பசித்தவனுக்குப் பசியையே விற்பது என்பது இதுதான். அமெரிக்காவின் பேர்க்லிப் பல்கலைக்கழகப் பொருளியலறிஞர் நெட் ஓகன்பிளிக், இலட்சத்துக்கு மேற்பட்ட இத்தகைய ஏலங்களின் தரவுகளை ஆராய்ந்து 2016 ஆம் ஆண்டிலே கட்டுரை வெளியிட்டார். பொருளின் பெறுமதிக்குமேல் 50 வீதத்துக்கும் அதிகமான இலாபத்தை ஏலம் நடத்துவோர் சராசரியாகப் பெற்றனர் என்பது அவர் கண்ட முடிபு. காரணம் வேறொன்றுமன்று. என் மாணவன் வாசலிலே நின்று சொன்ன அதே வாக்கியந்தான்: இப்ப விட்டா, போட்ட காசெல்லாம் போயிடும். போட்ட காசு போட்ட கணத்திலேயே போய்விட்டது. மனம் அதை நம்ப மறுக்கிறது. கூடுதலாகப் போட்டவர் கூடுதலாக மறுக்கிறார்.

இவ்வளவு இலாபம் கண்டும் ஸ்வூப்போ 2011 மார்ச்சிலே வங்குரோத்தாயிற்று. முதலில் இது எனக்கு வியப்பாகவே இருந்தது. யோசித்துப் பார்த்தால் வியப்பில்லை. இங்கே ஒருமுறை நன்கு சுட்டவர் மறுபடி வருவதில்லை. ஆகவே சுடாத கைகள் நாள்தோறும் வேண்டும். அவற்றைத் தேடி விளம்பரத்துக்குப் பணம் கொட்டவேண்டும். அதே இரையைத் தேடி வேறு நிறுவனங்களும் முளைத்துவிட்டன. அவ்வாண்டிலேயே அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு இவ்வகை ஏலங்கள் குறித்துப் பொதுமக்களை எச்சரித்தது. அடுத்த ஆண்டு, 2012 ஓகஸ்டிலே, வட கரோலைனாவிலிருந்து இயங்கிய சீக் றிவார்ட்ஸ் என்ற அமைப்பை அந்நாட்டுப் பங்குப் பரிவர்த்தனை ஆணைக்குழு மூடுவித்தது. ஏலத்தளம் ஒன்றின் இலாபத்திலே பங்கு தருவதாகச் சொல்லி, புதிதாக வந்தோரின் பணத்தை எடுத்து முன்னர் வந்தோருக்குக் கொடுத்த அறுபது கோடி டொலர் மோசடி அது. ஏலத்திலே தோற்றவர்களை மட்டும் தின்று பசி அடங்காமல், ஏல நிறுவனத்தின் பங்காளியாகலாம் என்று நம்பியவர்களையும் தின்றார்கள்.

என் அண்ணன் அத்தகைய எதிலும் பங்காளியாகவில்லை. அவர் வெறுமனே தொடர்ந்து கேட்டார். மடிக்கணினியை வென்றதுதான் அவருக்கு வந்த கேடு. முதன்முறையே தோற்றிருந்தால் நாற்பது ஐம்பது டொலரோடு விட்டிருப்பார். வென்றபடியால், தமக்கு நுட்பம் பிடிபட்டுவிட்டது என்று நம்பினார். எந்த நேரத்திலே கேட்போர் குறைவு, எந்தப் பெயர்க்காரர் விடாக்கண்டர், எப்பொழுது முதல்தடவை தலைகாட்டவேண்டும் என்றெல்லாம் ஒரு கொப்பியிலே குறித்துவைத்திருந்தார். பெரிய தொலைக்காட்சி ஒன்றுக்குக் கேட்டார். தங்க நாணயத்துக்குக் கேட்டார். கேள்விக் கட்டுகளுக்கே கேட்டார். அடுத்த இரண்டு ஆண்டிலே ஏறக்குறைய ஆறாயிரம் டொலர் போயிற்று என்று அண்ணியார் பிற்பாடு அம்மாவிடம் அழுதார். பெரியம்மாவின் வீட்டுக்கு ஓடுபோட அனுப்புவதாகச் சொன்ன பணம் வரவேயில்லை. அவ்வாண்டு மாரியையும் அடுத்த மாரியையும் அவர் தகரத்தின்கீழேயே கழித்தார். “தம்பி, இன்னும் ஒருக்கால், பெரிசா ஒண்டு விழுந்திட்டா நிப்பாட்டிடுவன், இப்ப விட்டா போட்ட காசெல்லாம் போயிடும்” என்று அவர் என்னிடம் சொன்ன நாளிலே, அவர் எடுத்துத் தந்த கணினியின்முன் அமர்ந்துதான் பேசிக்கொண்டிருந்தேன். ‘வேண்டாம் அண்ணை’ என்று சொல்லும் தகுதி எனக்கில்லை என்று தோன்றிற்று. சொல்லாமல் விட்டேன். அதை இன்றுவரை பிழையென்றே கருதுகிறேன்.

‘பேராசை பெருநட்டம்’ என்ற பழமொழி எனக்கு உவப்பானதன்று என்று மேலே குறிப்பிட்டேனல்லவா? என் அண்ணனிடம் இருந்தது பேராசையா? மாதச் சம்பளத்திலே வாடகையும் கடன்தவணையும் போக மிஞ்சாத ஒருவர், ஊரிலே படிக்கும் தம்பிக்கு ஒரு கணினி வாங்கிக்கொடுக்க விரும்பினார். கடைவிலை அவருக்கு எட்டவில்லை. எட்டாத விலைக்கும் எட்டிய கூலிக்கும் இடையிலே இருக்கும் அந்தப் பள்ளத்திலேதான் இந்தத் தளங்கள் கடைவிரிக்கின்றன. தொள்ளாயிரம் டொலரைத் தயங்காமல் எடுத்துக் கொடுக்கக்கூடியவன் அதிகாலை மூன்று மணிக்கு ஒரு சதம் ஒரு சதமாக ஏற்றிக்கொண்டு குந்தியிருக்கமாட்டான். என் மாணவனும் அப்படித்தான். அவனுடைய வகுப்பிலே பாதிப் பாடங்களுக்குக் குறிப்புகள் தொலைபேசி வழியாகவே வருகின்றன. அவனிடமிருந்த தொலைபேசி திரை வெடித்த பழையது. ஒரு புதிய தொலைபேசியின் விலையோ அவன் தாயாரின் பல மாதச் சம்பளம். இல்லாமையைப் பேராசை என்று பெயரிட்டு அழைப்பது, இருப்பவர்களுக்கு மிகவும் வசதியான ஒரு பழக்கம். நாமும் பாடநூலிலே அதைக் கற்பித்துவிட்டு வீடு செல்கிறோம்.

மறுநாள் அவ்வகுப்புக்கு எனக்கு இரட்டைப் பாடவேளை. சங்கப் பாடலை ஒதுக்கிவைத்துவிட்டு, நூறு ரூபாத் தாள் ஒன்றை மேசையிலே வைத்தேன். 1971 ஆம் ஆண்டிலே மார்ட்டின் ஷூபிக் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு கட்டுரையிலே விளக்கிய விளையாட்டு அது. ஆயுதப் போட்டிக்கும் முடிவில்லாத போர்களுக்கும் உவமையாகப் பலரும் பின்னர் அதனை எடுத்தாண்டிருக்கின்றனர். நூறு ரூபாவை ஏலம் விடுவேன். ஐந்து ஐந்து ரூபாவாக ஏற்றலாம். கூடக் கேட்டவருக்குத் தாள். ஒரேயொரு நிபந்தனை: இரண்டாவதாக நிற்பவரும் தாம் கேட்ட தொகையைக் கட்டவேண்டும், தாள் அவருக்கில்லை.

ஐந்து ரூபாவுக்கு வகுப்பே கைதூக்கிற்று. ஐம்பதைத் தாண்டியதும் பலர் ஒதுங்கினர். எழுபதிலே இரண்டே பேர். ஒருவன் விளையாட்டுக் குழுத் தலைவன். மற்றவள் கணக்கிலே கெட்டிக்காரி. தொண்ணூறு, தொண்ணூற்றைந்து, நூறு. வகுப்பு சிரித்தது. தொண்ணூற்றைந்திலே நின்றவள் ஒருகணம் யோசித்துவிட்டு, “நூற்றைந்து” என்றாள். நூறு ரூபாத் தாளுக்கு நூற்றைந்து! சிரிப்பு நின்றுவிட்டது. விட்டால் தொண்ணூற்றைந்து நட்டம். எடுத்தால் ஐந்து மட்டும் நட்டம் என்பது அவள் கணக்கு. கணக்கு சரிதான். அதே சரியான கணக்கை மற்றவனும் போட்டான். நூற்று அறுபதிலே அவன் நிறுத்தினான். அவள் நூற்று அறுபத்தைந்திலே வென்றாள். முந்நூற்று இருபத்தைந்து ரூபாவைக் கரும்பலகையிலே எழுதிவிட்டு, நூறு ரூபாவை என் சட்டைப் பையிலே திரும்ப வைத்தேன். பணத்தை நான் வாங்கவில்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. மாணவரோடு சூதாடிய ஆசிரியன் என்ற பெயரைச் சம்பாதிக்க எனக்கு விருப்பமில்லை.

மணலைப் பார்த்துக்கொண்டிருப்பதைப்போல இவ்வளவு நேரமும் யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி எழுந்தாள். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. வகுப்பிலே அதிகம் பேசாதவள். “சேர், நாங்கள் எல்லாரும் முதலே கதைச்சு, ஒராள் மட்டும் அஞ்சு ரூபா கேட்டுட்டு மற்றவை பேசாமல் இருந்திருந்தால், தொண்ணூற்றைஞ்சு ரூபாவை எல்லாரும் பங்கிட்டிருக்கலாமே? எங்கட கரையிலை கூறுறவர் விலையை ஏத்தப் பாத்தால், பெண்டுகள் அப்பிடித்தான் ஒண்டாய் நிப்பினம்.”

என்னிடம் அதற்கு மேலே கற்பிப்பதற்கு ஒன்றுமிருக்கவில்லை. அவள் சொன்னதை அந்தத் தளங்களை வடிவமைத்தவர்கள் எம்மைவிட நன்கு அறிவர். அதனாலேயே, மூவாயிரத்து எண்ணூறு கேள்விகளைக் கேட்டவர்கள் ஒருவரையொருவர் காணாதபடி வைக்கிறார்கள். முகம் இல்லை, ஊர் இல்லை. கடிகாரம் இரண்டைத் தொடும்போது மின்னும் ஒரு பெயர் மட்டுந்தான். அப்பெயர் பகைவனுடையது என்றே திரையிலே தெரியும். என் அண்ணனின் கொப்பியிலே குறிக்கப்பட்டிருந்த ‘விடாக்கண்டர்’ ஒருவர், அடுத்த தெருவிலே இன்னொரு தொழிற்சாலையின் இரவு வேலையாளாக இருந்திருக்கலாம். தோற்றவர்கள் எல்லாரும் ஒரே அறையிலே இருந்திருந்தால், அரைமணித்தியாலத்திலே மேசையைக் கவிழ்த்திருப்பார்கள்.

அந்த மாணவன் வகுப்பு முழுவதும் வாய் திறக்கவில்லை. மணி அடித்த பின்னர் வந்து, “ராத்திரி முடிஞ்சிட்டுது சேர். நான் போடேல்லை” என்றான். எவ்வளவுக்குப் போயிற்று என்று நான் கேட்கவில்லை. தாயாரிடம் சொல்லிவிடு என்றேன். நான் சொல்வது முறையன்று, அவனே சொல்லவேண்டும். ஒன்பதாயிரம் ரூபாவை அவர் மன்னிப்பாரா என்று கேட்டான். அதற்கும் என்னிடம் பதிலில்லை. அண்ணனின் கதையை மட்டும் சொன்னேன். கணினியைப் பற்றியும் ஒளிக்காமல் சொன்னேன். “அவர் இப்பவும் கேக்கிறவரோ?” என்றான். இல்லை, வெதுப்பகத்திலே முதுகு கெட்டு வேலையை விட்டபின், கேட்பதற்கு அவரிடம் பணம் இருக்கவில்லை.

தவணை முடிவிலே, தேர்ச்சி அறிக்கை பெறும் நாளன்று தாயார் வந்தார். பிற்பகல் முறைக்குப் போகவேண்டுமென்று தொழிற்சாலை உடையோடேயே வந்திருந்தார். மகனின் புள்ளிகளை விசாரித்தபின், அவன் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னார். கோபமாகப் பேசவில்லை. அட்டையை வங்கியிலே கொடுத்து மாற்றிவிட்டாராம். சற்றுநேரம் அறிக்கைத் தாளின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டார்:

“அந்தப் போனை ஆரோ ஒராள் எடுத்திருப்பினம்தானே சேர்? எங்கட காசும் அதுக்கை கிடக்கெண்டு அவைக்குத் தெரியுமோ?”

“தெரிஞ்சிருக்காதம்மா” என்றேன்.

அவர் தலையசைத்தார். அறிக்கையிலே கையொப்பமிட்டுத் தந்துவிட்டு, பேருந்தைத் தவறவிடக்கூடாதென்று வெளிவாசலை நோக்கி விரைந்தார்.